கட்டில் காலில் கட்டிய பை

அந்த வீட்டில் கட்டில்களும் ஷூ வைத்திருக்கின்றன என்பது அடுக்குமாடி முழுவதற்கும் தெரிந்த சங்கதி. அந்த வீட்டுக்காரரான லிஃப்ட் மெக்கானிக் உயிரோடு இருந்த காலத்தில், ஒவ்வொரு கட்டிலின் காலிலும் ஒரு துணிப்பையைக் கட்டி, அதற்குள் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவைப் போட்டு வைத்திருந்தார். வீட்டைப் பார்க்க வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அவர் மனைவியும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துச் சலித்துப்போய் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"ஏங்க, கட்டில் எழுந்து எங்கயாவது நடந்து போயிடப் போகுதா?"

"கட்டில் போகாது. நீ போகணும்ல? ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு தரை பூராக் கிடக்கும்போது வெறுங்காலோட எப்படிப் போவ?"

"எதுக்கு உடையுதாம்? உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அவர் பையின் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் திறந்த கை அது. நடுவழியில் நின்றுபோன கூண்டுகளிலிருந்து அவர் வெளியே எடுத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. சாப்பிடும்போது அந்தக் கதைகள்தான் ஓடும். "இத்தனை வருஷத்துல உள்ள மாட்டின ஒருத்தராவது பசிக்குதுன்னு சொன்னதில்ல தெரியுமா?" என்பார். "நாங்க இங்க இருக்கிறது வெளியில யாருக்காவது தெரியுமான்னு கேப்பாங்க. இன்னும் எவ்வளவு நேரம்னு கேப்பாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அந்த அமைதிக்கு அர்த்தம், பாத்ரூம் வருது, சொல்ல வெட்கமா இருக்கு."

"சாப்பிடற நேரத்துல பேசற பேச்சா இது?" என்பாள் அவள். மகளுக்கோ சிரிப்பு தாங்காது.

ஆபத்துக்கு வேண்டும் என்று மற்ற வீடுகளில் அரிசி வாங்கி வைத்தார்கள். மெழுகுவத்தி வாங்கி வைத்தார்கள். தண்ணீரைப் பிடித்து வைத்தார்கள். அவர் அதையெல்லாம் குறை சொல்லவில்லை. "டப்பா சாப்பாட்டை அடுக்கி வெச்சுட்டு, டப்பாவைத் திறக்கிற கத்தியை மறந்துடுவாங்க. நான் அந்தக் கத்தியை வாங்கி வைக்கிறவன்" என்பார். அவருடைய பழைய சிவப்புக் கருவிப்பெட்டி அப்படிப்பட்ட சாமான்களால்தான் நிரம்பியிருந்தது. டப்பா திறக்கும் கத்தி, விசில், கயிறு, சாக்பீஸ், ஒட்டும் டேப், கெட்டியான பிளாஸ்டிக் கவர்கள், ஒரு கட்டு பழைய செய்தித்தாள், ஒற்றை பேட்டரி போடும் சின்ன டார்ச். பார்த்தால் பழைய சாமான் கடைக்காரன்கூட வேண்டாம் என்பான்.

அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: எதை எடுத்தாலும், எடுத்தேன் என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போட வேண்டும். அவள் ஒரு நாளும் போட்டதில்லை. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். துணியில் குறி போட சாக்பீஸ் தீர்ந்துபோனால் கட்டிலுக்கடியில்தான் கை போகும். கொடிக்குக் கயிறு அங்கிருந்துதான் வந்தது. சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டால் டார்ச்சின் பேட்டரி அதற்குள் போய்விடும். அவர் ஒன்றும் கேட்க மாட்டார். அடுத்த மாதம் பார்த்தால் புதுக் கயிறும் புதுச் சாக்பீஸும் புதுப் பேட்டரியும் அதே இடத்தில் இருக்கும். எலி கடிக்கிற வீட்டில் சுவரைப் பூசிக்கொண்டே இருப்பவரைப் போல இருந்தார்.

பிறகு அவர் இதயம் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஒரு வருடம் தாங்கும், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார்கள் டாக்டர்கள். அந்த ஒரு வருடத்தில் பாதி நாள் அவர் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாத்திரை டப்பாவைத் தொடச் சொன்னா கசக்குது. இந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டு அழறீங்க" என்று அவள் எரிந்து விழுந்தாள். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ தாளை மடித்து உள்ளே வைத்தார். அது என்ன தாள் என்று அவள் கேட்கவில்லை.

அவர் போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. பெட்டியை அவள் காலால் உள்ளே தள்ளி, சுவரோரம் சேர்த்துவிட்டிருந்தாள். பெருக்கும்போது துடைப்பம் அதைச் சுற்றிக்கொண்டு போகும். ஒரே ஒரு முறை, கடிகாரம் நின்றுபோனபோது, பழக்கதோஷத்தில் கையை விட்டு டார்ச்சின் பேட்டரியை உருவினாள். இந்த முறை புதுப் பேட்டரி போட ஆள் இல்லை என்று அப்போது தோன்றவில்லை. அடுத்த மாதம் தோன்றியது. அன்று தையல் மெஷினில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். ஆனாலும் பேட்டரி வாங்கவில்லை.

மகள் வேறு ரகம். அப்பா அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார். போன ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியைத் திறந்து ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

"கழட்டுடி அதை. அப்பா பெட்டியில கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நீ மட்டும் எடுக்கலையா?"

"வாயை மூடிக்கிட்டு உள்ள போடு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாலு உள்ளே போட்டுவிட்டு வந்தது. அல்லது, போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னது.

அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலு மணி வெயில் ஜன்னல் வழியாக மெஷின் மேல் விழுந்துகொண்டிருந்தது. கீழே பள்ளிக்கூட வேன் நின்றது. நாலாவது மாடி ஜன்னலிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். வாலு தலையைத் தூக்கிக் கையாட்டிவிட்டு வாசலுக்குள் மறைந்தது. படி ஏறுகிற பிள்ளை இல்லை அது. நேராக லிஃப்டுக்குத்தான் போகும். அவள் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு வந்து, பாதியில் விட்ட காலரைத் தொட்டாள்.

முதலில் கத்தரிக்கோல் மேசையில் தானாக நகர்ந்தது. கத்தரிக்கோலா நகர்கிறது என்று யோசிப்பதற்குள் மெஷினே நடந்தது. இரும்புக் கால்களோடு, கழுத்துவரை பாரம் ஏற்றிய மாடு போல ஆடி ஆடி, அறையின் நடுவுக்கு வந்துவிட்டது. கட்டிடத்தின் அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது இடியும் இல்லை, லாரியும் இல்லை. இத்தனை வருடம் ஊமையாய் நின்ற சுவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டையைக் கனைத்தது போல இருந்தது. ஜன்னல் கண்ணாடி மூன்றும் அறைக்குள் கொட்டின. அவள் கீழே விழுந்தாள். மூக்குக்கண்ணாடி எங்கோ தெறித்தது. அதன் மேலேயே மெஷின் சாய்ந்த சத்தம் கேட்டது.

நின்றது.

அந்த நிசப்தத்தில் அவளுக்குப் பயம்கூட வரவில்லை. இவ்வளவு பெரிய பூமி, தன் முதுகில் இருக்கும் ஒரு கட்டிடத்தை, ஒரு மெஷினை, ஒரு டம்ளரை இப்படி உலுக்க முடியும் என்றால், இத்தனை நாள் அது எத்தனை பொறுமையாகப் படுத்திருந்தது என்ற வியப்புதான் முதலில் வந்தது. அடுத்த மூச்சில் மகள் ஞாபகம் வந்தது. லிஃப்ட்.

கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு உலகம் நனைந்த ஓவியம். தரையில் எங்கே சில்லு, எங்கே வெயில் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, எல்லாம் மின்னியது. தைத்துக்கொண்டிருந்த துணியை முன்னால் விரித்து விரித்து, அதன் மேல் முழங்காலால் ஊர்ந்து கட்டிலை அடைந்தாள். கட்டில் காலில் பை கையில் தட்டுப்பட்டது. முடிச்சின் வாலைத் தொட்டு இழுத்தாள். ஒரே இழுப்பு. கண் தெரியாதவரும் அவிழ்க்கக்கூடிய முடிச்சைப் போட்டு வைத்திருந்தார் மனிதர். ஷூவுக்குள் ஒரு ஜோடி காலுறைகூடச் சுருட்டி வைத்திருந்தது.

பிறகு குப்புறப் படுத்துப் பெட்டியை வெளியே இழுத்தாள். மூடியைத் திறந்ததும் எல்லாவற்றுக்கும் மேலே, பஞ்சில் சுற்றி, அவளுடைய பழைய மூக்குக்கண்ணாடி இருந்தது. இரண்டு வருடம் முன்பு அவளே குப்பைக்கூடையில் போட்டது. ஒரு பக்கக் கால் ஒடிந்திருந்தது; அதை மெல்லிய செப்புக் கம்பியால் சுற்றி ஒட்டவைத்திருந்தார். மாட்டினாள். அறை திரும்பி வந்தது. கொஞ்சம் மங்கலாக, ஆனால் வந்தது.

அதற்குக் கீழே அந்தத் தாள். பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்திருந்தார். அவருடைய கோணல் கையெழுத்து.

"முதலில் கேஸை மூடு. எந்த வேலையாக இருந்தாலும் முதலில் அது.

டார்ச்சில் பேட்டரி இருக்காது. சுவர்க் கடிகாரத்தில் பார்.

விசில் மூன்று. மூன்று ஊது, நிறுத்து, கேள். வாலுவுக்குத் தெரியும்.

இதில் போன் நம்பர் எதுவும் எழுதவில்லை. போன் வேலை செய்தால் நீ இந்தத் தாளைப் பார்க்க மாட்டாய். நடந்து போகும் தூரத்தில் இருப்பவர்களை மட்டும் எழுதியிருக்கிறேன்."

அவள் சமையலறைக்கு ஓடிப் பால் பாத்திரத்தின் கீழ் எரிந்துகொண்டிருந்ததை அணைத்து, சிலிண்டரை மூடினாள். கடிகாரம் சுவரிலிருந்து விழுந்து முகம் உடைந்து கிடந்தது. ஆனால் முள் ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணி பதினோரு நிமிடம். அதைத் திருப்பி, பேட்டரியை உருவினாள். இத்தனை வருடத் திருட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தது மட்டுமல்ல, அதை நம்பி ஒரு திட்டமே போட்டு வைத்திருக்கிறார்.

விசில்களை எண்ணினாள். இரண்டு. பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். இரண்டேதான்.

பெற்ற பிள்ளை தன்னிடம் பொய் சொன்னதற்காக எந்தத் தாயும் அப்படிக் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்க மாட்டாள்.

ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டி, பேட்டரியை டார்ச்சில் போட்டு, கயிறு, கவர்கள், செய்தித்தாள், அந்தத் தாள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினாள். படிக்கட்டில் காரை உதிர்ந்து கிடந்தது. இறங்க இறங்க, லிஃப்ட் குழியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மூன்று ஊதல். அமைதி. மூன்று ஊதல். அமைதி. தப்பில்லாமல், அப்பா சொல்லிக் கொடுத்த மாதிரியே.

மூன்றாவது மாடியில் கூட்டம். பழைய கட்டிடம், லிஃப்டுக்கு மடக்கு கிரில் கதவு. கூண்டு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் சாய்ந்து சிக்கியிருந்தது. அதன் மேல்பகுதி மட்டும் மூன்றாவது மாடித் தரைக்கு மேலே ஒரு முழம் எட்டிப் பார்த்தது. அந்த மாடியில் குடியிருப்பவர் ஒரு பல் டாக்டர். கெட்டிக்காரர், உதவிக்கு முதல் ஆளாக நிற்பவர். அவரும் வாட்ச்மேனும் கடப்பாரையால் நெம்பிக் கிரில்லைப் பாதி திறந்துவிட்டிருந்தார்கள். அவள் தரையில் படுத்து உள்ளே பார்த்தாள். இருட்டில் இரண்டு கண்.

"அம்மா!"

"வந்துட்டேன்டி. அடி ஏதாவது பட்டுச்சா?"

"இல்ல. ஒரு ஷூ கீழ விழுந்துடுச்சு. அந்தச் சந்து வழியா."

"போனாப் போகுது."

"ஒன்னும் கவலைப்படாதீங்கம்மா" என்றார் பல் டாக்டர், சட்டைக்கையை மடித்துக்கொண்டே. "பாப்பா ஒல்லியா இருக்கா. ரெண்டு கையையும் புடிச்சு ஒரே இழு, வெளிய வந்துடுவா. ரெண்டு நிமிஷ வேலை."

வாலு ஏற்கெனவே கைகளை மேலே தூக்கிவிட்டது.

அவளுக்கும் கை நீண்டது. நீண்ட கை பாதியில் நின்றது. சாப்பாட்டு மேசைக் கதைகளில் அவர் சிரிக்காமல் சொன்ன கதை ஒன்றுண்டு. அதை ஒரே முறைதான் சொன்னார். லிஃப்ட் நின்னதால யாரும் சாகல. பாதித் திறப்புல இழுக்கும்போதுதான் போனாங்க. கூண்டு எந்த நேரம் நகரும்னு கூண்டுக்கே தெரியாது.

"வேண்டாம் டாக்டர். இழுக்க வேண்டாம்."

"என்னம்மா சொல்றீங்க? நீங்க பெத்தவங்கதானே?"

"பெத்தவதான் சொல்றேன். வாட்ச்மேன், நீங்க கீழ போய் லிஃப்ட் மெயின் சுவிட்சை இறக்குங்க. அப்புறம் இந்த விலாசத்துக்கு ஓடுங்க." தாளைப் பிரித்தாள். முதல் பெயரே அதுதான். "கிரீஸ். பேக்கரிக்குப் பின்னாடி பச்சை கேட். வாசல்ல சைக்கிள் கிடக்கும். நான் கூப்பிட்டேன்னு சொன்னா வருவான்." கிரீஸ் என்பவர் அவள் கணவரோடு லிஃப்ட் வேலை பார்த்தவர். எந்தச் சோப்புக்கும் கை வெளுக்காத மனிதர் என்பதால் அந்தப் பெயர்.

வாட்ச்மேன் ஓடினார். பல் டாக்டர் விடவில்லை. "அவன் எப்போ வர்றது? இன்னொரு தடவை ஆடினா என்ன பண்ணுவீங்க?"

"ஆடினா அவ உள்ள இருக்கணும்."

"அம்மா, தூக்கும்மா" என்றது உள்ளிருந்து குரல். "பயமா இருக்கு. டாக்டர் அங்கிள் தூக்கறேன்னு சொல்றாருல்ல. தூக்கும்மா."

தாய்க்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டாம். கை எட்டும் தூரத்தில் பிள்ளை. எட்டிப் பிடிக்கக் கூடாது. செத்துப்போன ஒருவரின் சாப்பாட்டு மேசைப் பேச்சை நம்பித் தன் ஒரே பிள்ளையை இருட்டில் விடுகிறாளே, இது தவறாகப் போனால்?

"வாலு, அப்பா என்ன சொல்லுவார்? லிஃப்ட் நின்னா எங்க உட்காரணும்?"

"மூலையில. தரையில. கதவைத் தொடக் கூடாது."

"போய் உட்காரு. டார்ச் தர்றேன்."

பிளாஸ்டிக் கவரில் டார்ச்சைப் போட்டுக் கயிற்றில் கட்டி இறக்கினாள். மங்கலாக ஒரு வெளிச்சம் கூண்டுக்குள் எரிந்தது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்த அமைதியின் அர்த்தம் அவளுக்குத் தெரியும்.

"ஒன்னுக்கு வருதா?"

"... ம்."

"இன்னொரு கவர் வருது. உள்ள பேப்பர் கிழிச்சுப் போட்டிருக்கேன். அதுல போயிட்டு முடிச்சுப் போட்டுடு. டாக்டர், அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

ஐம்பது வயது பல் டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இதெல்லாமா வெச்சிருந்தார் உங்க வீட்டுக்காரர்?" என்று சுவரிடம் கேட்டார்.

"இதெல்லாம்தான் வெச்சிருந்தார்."

"அப்பா பெட்டிதானே?" என்று உள்ளிருந்து கேட்டது குரல். இப்போது அதில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. "சீட்டு எழுதிப் போட்டியா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடுவதற்குள் தரை மீண்டும் கனைத்தது.

இந்த முறை நாலைந்து நொடிதான். அவள் கண் முன்னே கூண்டு ஒரு முறை முனகியது. பிறகு, யாரோ பிடியை விட்டது போல, ஒரு முழம் கீழே இறங்கி, இரும்பு இரும்பில் இடித்து நின்றது. திறப்பு மறைந்துவிட்டது. விரல் நுழையும் கீற்று ஒன்று மட்டும் மிஞ்சியது. அவள் இறக்கிய கயிறு அந்தக் கீற்றில் நசுங்கி, இரண்டாக அறுந்து, மேல் துண்டு அவள் கையில் தொங்கியது.

பல் டாக்டர் அந்தக் கயிற்றின் நுனியைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். மெல்லச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் காதைக் கீற்றில் வைத்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை.

மூன்று ஊதல்.

அந்தச் சின்னப் பிளாஸ்டிக் விசிலின் சத்தம் மாதிரி ஒன்றை அவள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தன் கழுத்தில் மாட்டியிருந்த விசிலை எடுத்து மூன்று முறை பதில் ஊதினாள். உள்ளே அது ஊத, வெளியே இவள் ஊத, நடுவே இருந்த இரும்பு ஒன்றுமில்லாமல் போனது.

கிரீஸ் இருபது நிமிடத்தில் வந்தார். மூச்சிரைக்க நின்றவர் முதலில் கேட்ட கேள்வி, "மெயின் இறக்கியாச்சா?" இரண்டாவது, "யாராவது இழுத்தீங்களா?"

"இல்ல."

"நல்ல வேளை அண்ணி." அவ்வளவுதான் சொன்னார். மொட்டை மாடிக்கு ஏறி, கயிறுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்து, பிரேக்கைத் தளர்த்தி, கையால் சக்கரத்தைச் சுற்றிக் கூண்டை அங்குலம் அங்குலமாக இரண்டாவது மாடிக்கு இறக்கினார். கதவு திறந்தபோது வாலு மூலையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. மடியில் டார்ச். பக்கத்தில் ஒழுங்காக முடிச்சுப் போட்ட கவர். ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் வெறும் காலுறை.

வெகுநேரம் அவள் அந்தப் பிள்ளையை விடவில்லை. கடைசியில் அதுவே, "மூச்சு முட்டுதும்மா" என்றது.

"கட்டிடத்துல இருக்காதீங்க" என்றார் கிரீஸ். "எதிர்த்தாப்ல மைதானத்துக்குப் போயிடுங்க. மேல எதாவது எடுக்கணும்னா இப்பவே போங்க, நான் படியில நிக்கறேன். அஞ்சே நிமிஷம்."

மகளை முதுகில் தூக்கிக்கொண்டு அவள் ஏறினாள். பெட்டியை எடுக்க வேண்டும். பிள்ளைக்குக் காலில் போட ஏதாவது வேண்டும்.

"என் கட்டில்லயும் பை இருக்கே" என்றது வாலு.

"அது உனக்குப் பத்தாதுடி. அப்பா கட்டி ஒன்றரை வருஷம் இருக்கும். அப்போ உன் கால் இத்தனூண்டு."

சொல்லிக்கொண்டே முடிச்சை இழுத்தாள். உள்ளே இருந்த ஷூவை வாலு மாட்டிக்கொண்டது. எழுந்து நின்றது. குதிகாலில் விரலை விட்டுப் பார்த்தாள் அவள். சரியாக இருந்தது. இன்றைக்கு அளவெடுத்து வாங்கியது போல இருந்தது.

அவள் மெல்லத் திரும்பித் தன் கட்டிலின் மறுபக்கம் போனாள். அவருடைய பக்கம். அந்தக் காலில் கட்டியிருந்த பையைப் பதினோரு மாதமாக அவள் தொட்டதில்லை. அதற்குள் அவருடைய ஷூ இருக்கும், அதைப் பார்க்கும் தைரியம் தனக்கில்லை என்று விட்டிருந்தாள். ஒரே இழுப்பு.

அவருடைய ஷூ இல்லை. செய்தித்தாளில் சுற்றிய இரண்டு ஜோடி. இரண்டும் சின்னதுமில்லை, பெரியதுமில்லை. வளரும் பெண் பிள்ளையின் அளவுகள், ஒன்றைவிட ஒன்று ஒரு நம்பர் கூட. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. "அடுத்த வருஷம்." "அதற்கும் அடுத்த வருஷம்."

தனக்கென்று அவர் எதையும் வைக்கவில்லை. அந்தப் பையைக் கட்டும்போதே, இந்தப் பக்கத்திலிருந்து எழுந்து ஓட ஆள் இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, உட்கார்ந்து, பிள்ளையின் கால் எவ்வளவு வளரும் என்று யோசித்திருக்கிறார்.

கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே அவள் அப்படியே உட்கார்ந்தாள். கீழே படிக்கட்டிலிருந்து கிரீஸ் கத்தினார். "அண்ணி, நேரமாச்சு!"

"அம்மா, எழுந்திரு. அங்கிள் கூப்பிடறாரு."

"ஒரு நிமிஷம்."

தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்தாள். செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்தாள். அதில் சாக்பீஸ் எழுதவில்லை. வாலு புத்தகப் பையிலிருந்து பென்சில் எடுத்து நீட்டியது. "டார்ச் பேட்டரி ஒன்று. கயிறு பாதி. விசில் இரண்டு. ஷூ இரண்டு ஜோடி" என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, "மூக்குக்கண்ணாடி" என்று சேர்த்தாள். மடித்துப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

மிச்சமிருந்த இரண்டு ஜோடிகளைத் திரும்பப் பையில் வைத்து, வாயைக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் போட்ட அதே முடிச்சை எப்படிப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாலுவுக்குத் தெரிந்திருந்தது.